மேற்கத்திய இசைக்குள் நுழைய எந்த பாலே? ஆறு படைப்புகள், ஓர் ஒப்பீடு

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியதிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் பல வடிவங்களில் வருகிறது: "வெஸ்டர்ன் கிளாசிக்கல் கேட்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?" முன்பெல்லாம் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். கேட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் புகழ்பெற்ற நான்கு சுரத் தட்டலோடு நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் நாகரிகம் கருதி, "நல்லா இருந்தது" என்றார்கள்.

இப்போது பாலே இசையைச் சொல்கிறேன், அதாவது வசனமில்லாமல் ஆடியே கதை சொல்லும் மேற்கத்திய மேடை நடனத்துக்கான இசை. சிம்பொனியில் ஒரு பகுதியே பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். முதலில் வந்த சுரக்கோவை நடுவில் எங்கே உருமாறியது, எங்கே திரும்பி வந்தது என்று பின்தொடரப் பழகாதவருக்கு ஐந்தாவது நிமிடத்தில் கை போனைத் தேடும். பாலேயில் ஆடுகிறவர்கள் மூச்சு வாங்க வேண்டுமே, அதனால் துண்டுகள் சின்னவை. இரண்டு நிமிடம், நான்கு நிமிடம், அவ்வளவுதான். கால் வைப்பதற்குத் தாளமும் பெரும்பாலும் தெளிவாக இருந்தாக வேண்டும். மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் கோபம், காதல், சூழ்ச்சி எல்லாவற்றையும் வாத்தியங்களே சொல்லியாக வேண்டும். தமிழ் சினிமாவின் பின்னணி இசையில் ஊறிய காதுக்கு இந்தக் கடைசி விஷயம் ஏற்கெனவே பழக்கம். வயலின்கள் நடுங்கினால் ஏதோ வரப்போகிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

சரி, பாலே என்று முடிவாகிவிட்டது. எந்த பாலே? நட்கிராக்கரா, ஸ்வான் லேக்கா, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியா? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புகழை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் தவறாகப் போகிறது என்பது என் அனுபவம். கேட்கப் போகிறவரின் காது இதுவரை எதில் பழகியிருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நேரம். முழு நீளக் கதை பாலே ஒன்று ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை போகும். அதிலிருந்து பொறுக்கிக் கச்சேரிக்காகக் கோத்த சுருக்கத் தொகுப்பை 'சூட்' என்பார்கள். அது இருபது, முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். புதியவர் முழு பாலேயில் தொடங்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது, படமில்லாமல் நிற்குமா? சில இசைகள் மேடையைப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். சில, மேடை இல்லாதபோதுதான் நன்றாக இருக்கின்றன.

மூன்றாவதை யாருமே எச்சரிப்பதில்லை: சத்த வித்தியாசம். நம் சினிமாப் பாடல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கும்படி பதிவாகிறது. ஆர்கெஸ்ட்ரா அப்படியல்ல. ஒரு தனிப் புல்லாங்குழலின் முணுமுணுப்பிலிருந்து நூறு பேர் சேர்ந்து அடிக்கும் இடிவரை ஒரே ஒலித்தட்டில் இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டால் முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே கேட்காது. சத்தத்தைக் கூட்டுவீர்கள். அடுத்த நொடி காது கிழியும். "எனக்குப் பிடிக்கலை" என்று சொன்னவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காமல் போனது இசையல்ல, பஸ்ஸும் இயர்போனும்தான்.

நான்காவது, பதிப்புக் குழப்பம். ஒரே பெயரில் மூன்று நான்கு வடிவங்கள் இருக்கும். தவறானதை எடுத்தால் முக்கியமான இடமே அதில் இருக்காது. ஐந்தாவது, இதைப் பிடித்துக்கொண்டு அடுத்து எங்கே போகலாம் என்பது.

| படைப்பு | முழு நேரம் | சுருக்கத் தொகுப்பு | படமில்லாமல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நட்கிராக்கர் (1892) | சுமார் ஒன்றரை மணி | சுமார் 23 நிமிடம் | நன்றாக நிற்கும் | தொகுப்பில் சிறந்த இடங்கள் இல்லை |
| ஸ்வான் லேக் (1877) | சுமார் இரண்டரை மணி | சுமார் அரை மணி | ஓரளவு | பதிப்புக்குப் பதிப்பு வரிசை மாறும் |
| ரோமியோ அண்ட் ஜூலியட் (1938) | சுமார் இரண்டரை மணி | தொகுப்பு 2: சுமார் அரை மணி | கதை தெரிந்தால் போதும் | தொகுப்புகள் கதை வரிசையில் இல்லை |
| ஃபயர்பேர்ட் (1910) | சுமார் 45 நிமிடம் | 1919 தொகுப்பு: 20 நிமிடத்துக்குச் சற்று மேல் | மிக நன்றாக நிற்கும் | மெதுவான தொடக்கம், மூன்று தொகுப்புகள் |
| ரைட் ஆஃப் ஸ்ப்ரிங் (1913) | சுமார் 35 நிமிடம் | தேவையில்லை | மேடையில்லாமலே மேல் | சிலரை விரட்டிவிடும் |
| பொலேரோ (1928) | சுமார் 15 நிமிடம் | தேவையில்லை | முழுதாக நிற்கும் | இங்கிருந்து வழி நீளாது |

## நட்கிராக்கர்: எல்லோரும் நீட்டும் மிட்டாய்

கிறிஸ்துமஸ் இரவு. சிறுமி ஒருத்திக்குக் கொட்டை உடைக்கும் மரப் பொம்மை பரிசாகக் கிடைக்கிறது. நள்ளிரவில் மரம் வளர்கிறது, எலிப்படை வருகிறது, பொம்மை இளவரசனாகிறது, இருவரும் இனிப்புகளின் ராஜ்யத்துக்குப் போகிறார்கள். ஹாஃப்மன் எழுதிய ஜெர்மன் கதை, பிரான்சில் அலெக்சாந்தர் டூமா கைபட்டு மென்மையாகி, ரஷ்யாவில் இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியிடம் வந்து சேர்ந்தது. 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி அரங்கில் முதல் மேடையேற்றம். அன்று பெரிய வரவேற்பு இல்லை. அதற்குப் பல மாதங்கள் முன்பே, அதே ஆண்டு மார்ச்சில், எட்டுத் துண்டுகள் கொண்ட சுருக்கத் தொகுப்பு கச்சேரியில் வாசிக்கப்பட்டுவிட்டது. இன்றுவரை உலகமெங்கும் புதியவர் கையில் திணிக்கப்படுவது அந்தத் தொகுப்புதான்.

அதில் குறை சொல்ல ஏதுமில்லை. எட்டுத் துண்டுகளில் ஏழு, மூன்று நான்கு நிமிடத்துக்குள் அடக்கம். 'திரெபாக்' என்ற ரஷ்ய நடனம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். சர்க்கரைத் தேவதையின் நடனத்தில் மணி உருண்டது போல ஒலிப்பது செலஸ்டா. பியானோ போலக் கட்டை அழுத்தி வாசிக்கும், உள்ளே உலோகத் தகடுகள் ஒலிக்கும். 1886இல்தான் பாரிஸில் உருவான வாத்தியம். சாய்கோவ்ஸ்கி 1891இல் அங்கே அதைக் கண்டு, சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் கிளாசுனோவுக்கும் முன்னால் தானே பயன்படுத்த வேண்டும் என்று ரகசியமாக ரஷ்யாவுக்கு வரவழைத்தார். குழந்தைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அந்தத் துண்டைப் போடுங்கள், கண்கள் விரியும்.

என் வருத்தம் வேறு. இந்த எட்டையும் கேட்டவர், "ஓ, மேற்கத்திய இசை என்றால் இப்படி அழகான சின்னச் சின்ன டியூன்கள்" என்று எண்ணிக்கொள்கிறார். பெரும்பாலும் விளம்பரங்களில் கேட்டுத் தேய்ந்த டியூன்கள் வேறு. சாய்கோவ்ஸ்கியின் உண்மையான பலம் தெரியும் இடங்கள் தொகுப்பில் இல்லவே இல்லை. முதல் அங்கத்தில் மரம் வளரும் காட்சியைக் கேளுங்கள். ஒரு சிறிய சுரக்கோவை படிப்படியாக ஏறிக்கொண்டே போகும், முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். அதையடுத்துச் சற்று நேரத்தில் பனிச்செதில்களின் வால்ட்ஸ் (மூன்றடித் தாளத்தில் சுழலும் நடனம்). சொல்லே இல்லாமல் குழந்தைகள் குழுவாகப் பாடுவது அதில்தான்.

எல்லாவற்றுக்கும் மேல், இரண்டாம் அங்கத்தின் இறுதியில் வரும் இருவர் நடனம், 'பா த தூ'. ஹார்ப் அலைகளுக்கு மேல் செல்லோக்கள் (வயலினைவிடப் பெரிய, கீழ்ச் சுர வாத்தியம்) தொடங்கும் அந்த மெட்டு வேறொன்றுமில்லை, மேஜர் ஸ்கேல் ஒன்று மேலிருந்து கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். சங்கராபரணத்தின் அவரோகணம்: ச நி த ப ம க ரி ச. பாடம் தொடங்கிய முதல் மாதத்தில் எந்தக் குழந்தையும் பாடும் வரிசை. அதை வைத்துக்கொண்டு இவர் நெஞ்சைப் பிசைகிறார். கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவரிடம் இந்த ஒரு துண்டை மட்டும் போட்டுக் காட்டியிருக்கிறேன். யாரும் பாதியில் எழுந்து போனதில்லை.

எப்போது இதுவே சரி: வீட்டில் ஆறு முதல் பத்து வயதுக் குழந்தை இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். பெரியவர்களுக்கு என்றால் தொகுப்பை விட்டுவிட்டு, முழுப் பதிவிலிருந்து மரம் வளரும் காட்சி, பனி வால்ட்ஸ், இருவர் நடனம் மூன்றையும் எடுத்துக் கொடுங்கள்.

## ஸ்வான் லேக்: பெயர் தெரிந்தவர்களுக்கு

பாலே என்றதும் மனதில் வரும் வெள்ளை இறகு உடை இதிலிருந்து வந்ததுதான். இதுவும் சாய்கோவ்ஸ்கிதான். 1877இல் மாஸ்கோவின் போல்ஷாய் அரங்கில் முதல் மேடையேற்றம் சோபிக்கவில்லை. சாய்கோவ்ஸ்கி 1893இல் இறந்த பின், 1895இல் நடன அமைப்பாளர்கள் பெத்திபாவும் இவானோவும் மரின்ஸ்கியில் புதிதாக அமைத்ததே இன்று நாம் அறிந்த ஸ்வான் லேக்.

மறைந்திருக்கும் செலவு அங்கேதான் தொடங்குகிறது. 1895க்காக இசையின் வரிசையை மாற்றினார்கள், சிலதை வெட்டினார்கள், சிலதைச் சேர்த்தார்கள். கருப்பு அன்னத்தின் புகழ்பெற்ற நடன இசை, மூலத்தில் முதல் அங்கத்தில் வேறொரு சந்தர்ப்பத்துக்காக எழுதப்பட்டது. ஆகவே யூடியூபில் மேடைப் பதிவையும் இசைப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், "இது அந்த இடத்தில் இல்லையே" என்று குழம்புவார். சுருக்கத் தொகுப்பும் இசையமைப்பாளர் இறந்த பிறகு கோத்தது, நடத்துனருக்கு நடத்துனர் உள்ளே இருப்பது மாறும்.

இசை எப்படி? ஓபோ என்ற ஊதுகருவி தனியாகப் பாடும் அன்ன மெட்டு, கீழே வயலின்களின் நடுக்கம், பக்கத்தில் ஹார்ப். முதல் முறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். கதையின் முடிவில் அதே மெட்டு முழு ஆர்கெஸ்ட்ராவில் திரும்பும்போது சோகம் பெருங்கோபமாக மாறியிருக்கும். நான்கு குட்டி அன்னங்களின் நடனம் ஒன்றரை நிமிடம், கீழே பசூன் என்ற தாழ்ந்த குரல் ஊதுகருவி குறும்பாகத் தத்திக்கொண்டிருக்கும். ஆனால் முதல் அங்கமும் மூன்றாம் அங்கமும் நடனத்தின் மேல் நடனமாகப் போகும். மேடையில் பட்டாடைகள் சுழலும்போது சரி, சமையலறையில் ஸ்பீக்கரில் கேட்கும்போது அலுக்கும்.

இந்த இசைக்கு ஒரு வேடிக்கையான அரசியல் வாழ்க்கையும் உண்டு. 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவுக்கு எதிராகச் சதி நடந்தபோது சோவியத் தொலைக்காட்சி செய்திக்குப் பதில் ஸ்வான் லேக்கைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ரஷ்யர்களுக்கு இந்த இசை இன்றும் "மேலே ஏதோ நடக்கிறது" என்பதன் அடையாளம்.

எப்போது இதுவே சரி: நடனத்தைப் பார்க்க விரும்புகிறவர், பரதம் பயின்றவர். அவர்கள் காணொளியில் இரண்டாம் அங்கத்தைப் பார்க்கட்டும். கேட்க மட்டும் என்றால் இது என் முதல் தேர்வு அல்ல.

## ரோமியோ அண்ட் ஜூலியட்: நாடகக்காரர்களுக்கு

ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் இதை 1935இல் எழுதியபோது காதலர்கள் பிழைத்துக்கொள்ளும்படி முடித்திருந்தார். சாகிறவர்கள் ஆட முடியாதே என்பது அவர் சொன்ன காரணம். பிறகு ஷேக்ஸ்பியரின் முடிவுக்கே திரும்பினார். ரஷ்யாவில் மேடையேற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, 1938 டிசம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில்தான் முதலில் ஆடப்பட்டது. 1940இல் லெனின்கிராடில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் உலானோவா ஜூலியட்டாக ஆடினார்.

கதை எல்லோருக்கும் தெரியும் என்பது இதன் பெரிய லாபம். 'வீரர்களின் நடனம்' என்று அழைக்கப்படும் பகுதியில் கீழே பித்தளை வாத்தியங்கள் யானை நடையில் மிதிக்க, மேலே வயலின்கள் திமிரோடு ஏறி இறங்கும். இரண்டு குடும்பங்களின் ஆணவம் பத்து விநாடியில் புரிந்துவிடும். ஜூலியட்டின் உறவினன் திபால்ட் சாகும் காட்சியில் ஆர்கெஸ்ட்ரா விட்டுவிட்டு அடிக்கும் அடிகளைச் சினிமா இசையமைப்பாளர்கள் பலர் மனப்பாடம் செய்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஆனால் தொகுப்புகளின் வரிசையைப் பாருங்கள். திபால்ட் மரணம் முதல் தொகுப்பின் கடைசியில். அதற்கு முன்பே கதையில் வரும் வீரர்களின் நடனம் இரண்டாம் தொகுப்பின் தொடக்கத்தில். கதையைப் பின்தொடர நினைப்பவர் இரண்டையும் கலைத்து அடுக்க வேண்டும். இன்னொன்று, இரண்டாம் தொகுப்பு ஒரு பயங்கரமான சத்தக் குவியலோடு தொடங்கி, சட்டென்று கிசுகிசுப்புக்கு இறங்கும், மறுபடியும் அப்படியே. முன்பு சொன்ன சத்தப் பிரச்சினை இங்கே முதல் நிமிடத்திலேயே.

எப்போது இதுவே சரி: நாடகம், சினிமா, கதை என்று இருப்பவர். இனிப்பு பிடிக்காதவர்.

## ஃபயர்பேர்ட்: நான் கொடுப்பது

பாரிஸில் ருஷ்ய பாலே குழுவை நடத்திய தியாகிலெவ், 1910 பருவத்துக்கு ஒரு ரஷ்ய மாயக்கதை வேண்டும் என்று தேடினார். முதலில் கேட்ட இசையமைப்பாளர் லியாதோவிடமிருந்து வேலை நகராததால், அவ்வளவாக யாரும் அறியாத ஸ்ட்ராவின்ஸ்கியிடம் வந்தார். 1910 ஜூன் 25 அன்று பாரிஸ் ஓப்பராவில் அரங்கேறியபோது ஸ்ட்ராவின்ஸ்கிக்கு 28 வயது முடிந்து ஒரு வாரம்தான். அடுத்த நாளிலிருந்து அவர் பிரபலம்.

இதை நான் முதலில் கொடுப்பதற்குக் காரணம், புதியவருக்குத் தேவையான எல்லாமே இருபது நிமிடத்தில் அடங்கியிருப்பதுதான். மனிதர்கள் வரும் இடங்களில் நாட்டுப்பாடல் சாயலில் நேரான மெட்டுகள். இளவரசிகளின் வட்ட நடனம் உண்மையான ரஷ்ய நாட்டுப்பாடலே. மாயம் வரும் இடங்களில் சுரங்கள் வழுக்கி நெளியும், எதையும் பிடிக்க முடியாது. கதைச் சுருக்கம் படிக்காமலே யார் மனிதர், யார் மாயப்பிறவி என்று காது பிரித்துவிடும். பிறகு மந்திரவாதி கஷ்செய்யின் கூட்டம் ஆடும் 'நரக நடனம்'. அது தணிந்ததும் பசூன் பாடும் தாலாட்டு. தாலாட்டு முடியாமலே நடுங்கும் வயலின்களுக்குள் கரைந்து, தூரத்தில் ஒரு கொம்பு வாத்தியம் எளிய மெட்டொன்றைத் தொடங்கும். அந்த மெட்டு வளர்ந்து வளர்ந்து கடைசியில் ஏழு எண்ணிக்கைக்கு மாறும். மேற்கத்தியக் கேட்பாளர்கள் பலர் இங்கே கால் தட்டத் தடுமாறுவார்கள். நமக்கு அது மிஸ்ரம், தொடையில் கை தானாகப் போகும்.

பதிப்பில் மட்டும் கவனம் வேண்டும். மூன்று தொகுப்புகள்: 1911, 1919, 1945. 1911 தொகுப்பு நரக நடனத்தோடு முடிந்துவிடுகிறது. தாலாட்டும் இறுதிப் பகுதியும் அதில் கிடையாது! 1945 சற்று நீளம். தேட வேண்டியது 1919. பிடித்துப்போனால் 45 நிமிட மூலத்துக்குப் போகலாம். 1959இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு அன்டால் டோராட்டி செய்த முழுப் பதிவு இன்றும் தேயவில்லை.

இன்னொரு செலவு: இலவசச் செயலிகளில் கேட்டால் தாலாட்டுக்கும் இறுதிக்கும் இடையே விளம்பரம் நுழையும். இந்த இசையில் அதைவிடக் கொடுமை இல்லை. முழுத் தொகுப்பும் ஒரே கோப்பாக இருக்கும் காணொளியைத் தேடுங்கள், அல்லது ஒரு மாதச் சந்தாவைக் கட்டிவிடுங்கள்.

தொடக்கம் மெதுவானதுதான், மறுக்கவில்லை. செல்லோக்களும் அவற்றைவிடத் தாழ்ந்த சுர டபுள் பாஸ்களும் இருட்டில் ஊர்வது போல இரண்டு மூன்று நிமிடம். பொறுமை இல்லாதவருக்கு அதை விட்டுவிட்டே போட்டுக் காட்டலாம். ஸ்ட்ராவின்ஸ்கி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது இதுவே சரி: பின்னணி இசையைக் கவனித்துக் கேட்கும் பெரியவர்கள், அதாவது இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர்.

## ரைட் ஆஃப் ஸ்ப்ரிங்: லயக்காரர்களுக்கு மட்டும் முதல் படி

1913 மே 29, பாரிஸ். நிஜின்ஸ்கியின் நடன அமைப்பும் ஸ்ட்ராவின்ஸ்கியின் இந்த இசையும் சேர்ந்து அரங்கில் கூச்சல், கைகலப்பு என்று போனது எல்லோரும் சொல்லும் கதை. சொல்லாமல் விடுவது அடுத்த பாதியை: ஓராண்டு கழித்து அதே பாரிஸில், அதே நடத்துனர் பியர் மொந்தே, நடனமில்லாமல் கச்சேரியாக நடத்தியபோது கூட்டம் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. காணொளியைத் தேடாமல் கேட்க வேண்டிய பாலே ஒன்று உண்டென்றால் இதுதான்.

மென்மையான மெட்டை எதிர்பார்ப்பவரிடம் இதைக் கொடுத்தால் நட்பு கெடும். நான் ஒருமுறை கெடுத்திருக்கிறேன். ஆனால் மிருதங்கம் வாசிக்கும் என் மைத்துனர் கதை வேறு. தொடக்கப் பசூன் முடிந்து, ஒரே கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கொத்தை) வயலின்கள் தடதடவென்று தட்டும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணிக்கை மாறாமல் ஓட, அழுத்தம் மட்டும் எதிர்பாராத இடங்களில் விழுகிறது. "தாளம் ஓடுது, அடி வெளியே விழுது, அவ்வளவுதானே" என்றார். அவருக்கு இதில் புரட்சியே தெரியவில்லை, சுகம்தான் தெரிந்தது. கடைசிப் பலி நடனத்தில் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டார். அங்கே எண்ணிக்கையே அடிக்கு அடி மாறுகிறது.

## பொலேரோ: கால் மணி நேரம் மட்டும் இருப்பவருக்கு

நடனக் கலைஞர் ஈடா ரூபின்ஸ்டைன் கேட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதியது. 1928 நவம்பரில் பாரிஸில் ஆடப்பட்டது. இரண்டே மெட்டுகள், மாறாத ஒரே தாளக்கட்டு. ஸ்னேர் டிரம் அந்தத் தாளத்தை 169 முறை வாசிக்கிறது. நம் பல்லவிக்குச் சங்கதி சேர்ந்து வளர்வது போல இதில் மெட்டு வளராது. வாத்தியங்கள் மாறும், சேரும், முணுமுணுப்பில் தொடங்கிய சத்தம் கடைசி வரை கூடிக்கொண்டே போகும். புல்லாங்குழல், கிளாரினெட், பசூன், சாக்ஸபோன், டிராம்போன் என்று ஒவ்வொன்றின் குரலையும் தனித்தனியாக அறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. தேர்வுக்குப் படிப்பது போல ஒருமுறை கேட்டால் போதும், பிறகு எந்தச் சிம்பொனியிலும் யார் வாசிக்கிறார்கள் என்று தெரியும்.

ஆனால் இங்கிருந்து அடுத்து எதற்கும் வழி நீளாது, இதைப் போல வேறு எதுவும் எழுதப்படவில்லை. பஸ்ஸில் கேட்கவே கூடாத இசையும் இதுதான்.

## யாருக்கு எது

குழந்தைக்கு நட்கிராக்கர். பரதம் ஆடும் பெண்ணுக்கு ஸ்வான் லேக் இரண்டாம் அங்கம், காணொளியாக. கடம், கஞ்சிரா, டிரம்ஸ் என்று கையில் தாளம் உள்ளவருக்கு ரைட். "எல்லாம் ஒரே மாதிரி அழுகை" என்று சலிப்பவருக்கு ரோமியோவில் வீரர்களின் நடனம். ஒவ்வொரு வாத்தியமும் எப்படி ஒலிக்கும் என்று கேட்பவருக்கு பொலேரோ. இதில் எதிலும் அடங்காதவருக்கும், எனக்கே இன்னொருமுறை முதலிலிருந்து தொடங்க வாய்த்தாலும், ஃபயர்பேர்ட்.

இன்னும் தயக்கம் இருந்தால் இன்று இரவு அதன் கடைசிப் பத்துப் பதினோரு நிமிடத்தை மட்டும் கேளுங்கள்: வட்ட நடனம் அடங்கும் இடத்திலிருந்து நரக நடனம், தாலாட்டு, இறுதிப் பகுதி. வட்ட நடனம் கிட்டத்தட்டக் காற்றோடு போய்விடும். அப்போது சத்தம் போதவில்லையென்று தோன்றும். கூட்டாதீர்கள்.